ஈரத்துணியும் சீமையகத்தித் துவையலும்

என் உடம்பில் மூன்று இடங்களைப் பூஞ்சைக்குக் குத்தகைக்கு விட்டிருந்தேன். கால் விரலிடுக்கு, நெஞ்சு, இடுப்பு. குத்தகை என்றால் வருஷத்துக்கு நெல்லாவது வெல்லமாவது வந்து சேர வேண்டும். எனக்கு வந்து சேர்ந்தது அரிப்பு மட்டும்தான். ஆனாலும் குறை சொல்ல மாட்டேன். கடைசியாக இடுப்பில் குடியேறிய அந்தக் குத்தகைதாரர் இல்லாவிட்டால் எனக்குக் கல்யாணமே ஆகியிருக்காது. படர்தாமரைக்கு நன்றி சொல்லி எழுத உட்கார்ந்த ஆள் இந்த உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

எங்கள் ஊர் பாகூர் ஏரிக்குக் கிழக்கே. அப்போது பிரெஞ்சுக்காரர் ஆட்சி. எங்கள் நிலத்து மூலையில் ஒரு குழாய் ஊற்று இருந்தது. ஆழத்துக்கு இரும்புக் குழாயை இறக்கிவிட்டிருந்தார்கள். கிணற்றில் கவலைச் சால் இழுக்க மாடு வேண்டாம், ஏற்றம் மிதிக்க ஆள் வேண்டாம், தண்ணீர் தானே மேலேறி வந்து இரவும் பகலும் கொட்டும். மழையை நம்பியிருந்த ஊர்க்காரர்கள் வந்து நின்று பெருமூச்சு விட்டுப் போவார்கள். தண்ணீர் ஓயாத இடத்தில் சேறு காயாது, சேறு காயாத இடத்தில் கால் காயாது என்பது அவர்களுக்குத் தெரியாது. என் விரலிடுக்குகள் ஊறவைத்த அவல் மாதிரி வெளுத்து, வெடித்து, ஒரு மாதிரி வாடை அடிக்கும். வேலை முடிந்து கரையேறியதும் வரப்பு விளிம்பில் விரலைப் பதித்து முன்னும் பின்னும் இழுப்பேன். அந்தச் சுகத்துக்காகவே மறுபடி சேற்றில் இறங்கலாம் போலிருக்கும்.

நெஞ்சில் இருந்தது தேமல். கறுத்த உடம்பில் வெளுத்த திட்டுகள். எங்கள் பக்கத்தில் ஒரு வயல் பிரெஞ்சுக்காரனுடையது, வரப்பைத் தாண்டினால் இங்கிலீஷ்காரனுடையது, அதற்கும் அப்பால் போனால் திரும்பவும் பிரெஞ்சு. எங்கே யார் எல்லை என்று சுங்கக் காவல்காரனுக்கே குழப்பம் வரும். என் நெஞ்சைப் பார்த்தால் தெளிந்துவிடும், அப்படியே படம் போட்டு வைத்த மாதிரி இருக்கும் என்று ஊரில் சொல்லுவார்கள். ஊரில் என்றால், நான்தான் முதலில் சொன்னேன். அப்புறம் ஊர் சொன்னது.

என் நெஞ்சு எல்லோருக்கும் தெரிந்திருந்ததற்குக் காரணம் கூத்து. திரௌபதி அம்மன் திருவிழாவில் ஊர்க்காரர்களே ஆடும் பாரதக் கூத்தில் நான் கட்டியக்காரன். ராஜா வருவதற்கு முன்னால் ஓடி வந்து ராஜாவைக் கேலி செய்துவிட்டு, ராஜா வந்ததும் காலில் விழுகிற வேஷம். கட்டியக்காரன் யாரையும் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். சபையில் சொன்னதற்கு வெளியே யாரும் சண்டைக்கு வரக்கூடாது. அந்த உரிமையை வைத்துக்கொண்டு நான் ஊரில் ஒருவரையும் விடவில்லை. ஒருவரைத் தவிர. அவர் என் தாய்மாமன்.

மாமனுக்குக் கரும்பு ஆலை இருந்தது. வெல்லம் காய்ச்சும் காலத்தில் கொப்பரைக்குப் பக்கத்தில் நாள் முழுவதும் நிற்பார். அந்த அனலிலும் அவர் முகம் இளகி யாரும் பார்த்ததில்லை. தீமிதிக்குக் காப்புக் கட்டுகிறவர்களுக்கு வருஷா வருஷம் அவர்தான் தலைவர். குண்டத்தில் கரகத்துக்கு அடுத்து இறங்குகிற கால் அவருடையது. அவருக்கு ஒரு பெண். கூத்து நடக்கும்போது அவள் கூட்டத்தில் எங்கே உட்கார்ந்திருந்தாலும் அவள் சிரிப்பை மட்டும் நான் தனியாகப் பிரித்து எடுத்துவிடுவேன். என் அம்மா தன் அண்ணனிடம் போய்ப் பெண் கேட்டாள்.

"உம் புள்ள நின்னாலும் ஊரு சிரிக்குது, உக்காந்தாலும் சிரிக்குது. அவனுக்குப் பொண்ணு குடுத்தா என்னையும் பாத்துச் சிரிக்கும்" என்றார் மாமன்.

"சிரிச்சா இன்னாண்ணா இப்போ. அழுதாத்தான தப்பு."

"இந்த ஆடியில காப்புக் கட்டட்டும். சுத்தபத்தமா இருந்து, குண்டம் எறங்கி, நல்லபடியா ஏறி வரட்டும். அப்பறம் பேசலாம்."

அப்படித்தான் நான் பக்திமான் ஆனேன்.

காப்புக் கட்டியவனுக்கு நெறி நிறைய உண்டு. ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. படுக்கை கோயில் மண்டபத்தில். கள், கறி, பெண்ணோடு பேச்சு, மூன்றும் ஆகாது. சாப்பாடு ஒரு வேளை. இதையெல்லாம் சமாளித்துவிடலாம். என்னைச் சாய்த்தது ஈரம். விடிந்ததும் ஒரு முழுக்கு, உச்சியில் ஒன்று, பொழுது சாய ஒன்று. முழுகி எழுந்ததும் மஞ்சள் நீரில் ஊறிய வேட்டியைப் பிழிந்தும் பிழியாமலும் இடுப்பில் சுற்றிக்கொள்ள வேண்டும். அது உடம்பிலேயே காய வேண்டும். காய்வதற்குள் அடுத்த முழுக்கு வந்துவிடும். வேட்டிகளை வேறு யாரும் தொடக்கூடாது என்பதால் ஒன்பது பேருடைய வேட்டியும் ஒரே அண்டாவில் ஊறும். கைக்கு எது வந்ததோ அதை எடுத்துக் கட்டிக்கொள்வோம். அம்மனுக்கு முன்னால் உன் வேட்டி, என் வேட்டி என்ற பேதம் கிடையாது.

அந்த வாசனை இன்னும் எனக்குள் இருக்கிறது. பச்சை மஞ்சளும் வேப்பிலையும் ஈரத்துணியும் ஒன்பது ஆண்பிள்ளைகளும் சேர்ந்த வாசனை. இப்போதும் எங்காவது திருவிழாக் கூட்டத்தில் அது வந்து மூக்கில் பட்டால் என் கை தானாக இடுப்புக்குப் போகிறது. சொறிய அங்கே ஒன்றும் இல்லை. பழகின கை, போய்ப் பார்த்துவிட்டு வருகிறது.

அரிப்பு வந்தது. முதலில் சொறிந்தது நான் அல்ல. ஆனால் சத்தமாகச் சொறிந்தது நான். மற்றவர்கள் பக்கத்தில் படுத்திருப்பவனுக்குத் தெரியாமல் துணிக்கு உள்ளேயே கையை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பகலில் பார்த்தால் ஒவ்வொருவன் இடுப்பிலும் சிவந்த வளையம். ஓரம் மேடாகத் தடித்து, நடுவில் தோல் தெளிந்து, குளத்தில் விரிந்த தாமரை இலை மாதிரி. ஒன்று இரண்டாகி, இரண்டு ஒன்றோடொன்று ஒட்டி, வேட்டிக் கட்டைச் சுற்றி ஒரு ஒட்டியாணமே போட்டுவிட்டது. மாமன் மட்டும் எப்போதும் போல வேட்டிக்கு மேலே ஒரு துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றார். அந்தத் துண்டையும் ஒரு நெறி என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

பூசாரி எங்களை வரிசையாக நிற்கவைத்துப் பார்த்தார்.

"காப்புக் கட்டுனவன் ஒடம்புல வளையம் வளையமா வருதுன்னா ஆத்தா இன்னாவோ சொல்றா. எவனோ நெறி தப்பிட்டான்."

அவர் 'எவனோ' என்றபோதே மாமனைத் தவிர மற்ற ஏழு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"இன்னாபா என்னப் பாக்கறீங்க. காப்புக் கட்டுன நாள்லேருந்து கள்ளுக்கட இருக்குற திக்கப் பாத்துக் கொட்டாவிகூட வுடல நான்."

"எந்தத் திக்குன்னு தெரியுதில்ல" என்றார் பூசாரி.

யாரோ ஒருவர், இது அக்கியாக இருக்கும், எழுதினால் போய்விடும் என்றார். அக்கி என்பது நெருப்புப் பட்ட மாதிரி கொப்புளமாக வருவது. அதற்குக் குயவரைக் கூப்பிட்டுக் காவிக்கல்லை இழைத்து, புண்ணைச் சுற்றிச் சிங்கம் எழுதச் சொல்லுவார்கள். சிங்கத்தைப் பார்த்து அக்கி ஓடிவிடும். எங்களுக்கு வந்தது கொப்புளமா, வளையமா என்று யாரும் நின்று யோசிக்கவில்லை. குயவர் வந்தார். கோழி இறகைக் காவியில் தோய்த்து ஒவ்வொரு இடுப்பிலும் ஒரு சிங்கம் எழுதினார். இறகு பட்ட இடத்தில் அரிப்பு அடங்கிச் சொர்க்கம் தெரிந்தது. என் சிங்கத்தைக் குனிந்து பார்த்தேன்.

"இன்னாண்ணா, பூன மாதிரி கீது."

"உன் இடுப்புல எடம் அவ்ளோதான்பா" என்றார் குயவர்.

மாமன் மட்டும் எழுதிக்கொள்ளவில்லை. "எனக்கு ஒண்ணுமில்ல" என்று சொல்லி நகர்ந்துவிட்டார். எட்டு இடுப்பில் சிங்கம் இருக்க, ஒரு இடுப்பு மட்டும் சுத்தமாக இருந்தது. பெரியவருடைய நெறி அப்படி, ஆத்தா அவரைத் தொடுவாளா என்று ஊரே மெச்சியது. மாமனுக்கு மதிப்பு ஏற ஏற எனக்கு இறங்கியது. அடுத்த முழுக்கில் எட்டுச் சிங்கமும் கரைந்து அண்டாவில் இறங்கி, மஞ்சள் வேட்டியெல்லாம் செங்கல் நிறம் ஆனதுதான் மிச்சம். வளையங்கள் அப்படியே இருந்தன. இன்னும் கொஞ்சம் பெருத்துக்கூட இருந்தன.

உச்சி வேளையில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கோயில் வாசலுக்குச் சாப்பாடு வரும். மாமன் வீட்டுத் தூக்கை அவர் பெண் கொண்டுவருவாள். ஒரு நாள் அவள் வந்தபோது மாமன் குண்டத்துக்கு வெட்டிய விறகைப் பார்க்கப் போயிருந்தார். மற்றவர்கள் முழுக்குக்குப் போயிருந்தார்கள். வாசலில் நான் மட்டும்.

"எங்கப்பாருகிட்ட குடு. நீ தொறக்காத" என்றாள்.

பெண்ணோடு பேசக்கூடாது என்பது நெறி. ஆனால் பேசியது அவள். நான் பதில்தான் சொன்னேன். "தொறந்தா இன்னா ஆவும்?"

"உனுக்குத்தான் ஆவும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் தெருமுனை திரும்பும்வரை பொறுத்தேன். என் பொறுமையைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள இந்த ஒரு சந்தர்ப்பம்தான் இருக்கிறது. பிறகு திறந்தேன். சோற்றுக்கு மேலே வாழை இலைப் பொட்டலம். பிரித்தால் பச்சைப்பசேலென்று துவையல். ஒரு விரல் எடுத்து நாக்கில் வைத்தேன். புளிப்பு இருந்தது, உப்பில்லை, காரமில்லை, பச்சைத் தழை வாடை. கட்டிக்கொள்ளப் போகிறவளுக்குச் சமைக்க வராது என்று தெரிந்து மனசு கொஞ்சம் கனத்தது. ஆனால் பிரியம் என்றால் என்ன? கல்யாணத்துக்குப் பிறகு இதைத்தானே ஆயுசுக்கும் சாப்பிட வேண்டும் என்று நாக்கைப் பழக்கத் தொடங்கினேன். பொட்டலம் காலியாகும்வரை பழக்கினேன்.

பிற்பகலில் வயிறு பேச ஆரம்பித்தது. முதல் முறை ஓடைப் பக்கம் நடந்து போனேன். இரண்டாம் முறை ஓடினேன். அதற்குப் பிறகு அங்கேயே உட்கார்ந்திருப்பது உத்தமம் என்று பட்டது. ஆனால் நெறி விடவில்லை. ஒவ்வொரு தடவை போய்வந்ததற்கும் ஒரு முழுக்கு, ஒரு ஈர வேட்டி. அன்று நான் உலர்ந்திருந்த நேரமே இல்லை. பூசாரி மண்டபத்துத் தூணில் சாய்ந்து நான் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆத்தா வயித்துலயும் எறங்கிட்டா" என்றார்.

மறுநாள் தூக்கோடு வந்தவள் என் முகத்தைப் பார்த்தாள். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போயிருந்தது.

"தின்னியா?"

"தொவையல்ல உப்பு பத்தல."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. "அது தொவையல் இல்ல மாமா. சீமையகத்தித் தழ. எலுமிச்சம்பழம் புழிஞ்சு அரச்சது. படைக்குப் பூசுறது."

"யாரு படைக்கு?"

சிரிப்பு நின்றது. வாசலின் இரண்டு பக்கமும் பார்த்தாள். "எங்கப்பாருக்கு. கொப்பரயாண்ட நின்னு வேத்து வேத்து வருசக்கணக்கா கீது. எங்கம்மாவுக்கும் எனுக்கும்தான் தெரியும். ஊருக்குத் தெரிஞ்சா அவரு தல நிமிர மாட்டாரு. நீ மட்டும் வாயத் தொறந்த..."

"தொறந்தா?"

"உன்னக் கட்ட மாட்டேன்."

அவள் என்னைக் கட்டுவதாக இருந்தாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அப்படியென்றால் வாயைத் திறக்காவிட்டால் கட்டுவாயா என்று கேட்பதற்குள் போய்விட்டாள். என் தலைக்குள் எல்லாம் வரிசையாக வந்து உட்கார்ந்தன. மாமன் இடுப்பில் எப்போதும் இருக்கும் துண்டு. ஒரே அண்டா. காப்புக் கட்டிய முதல் நாள் அவர் கட்டி அவிழ்த்த வேட்டி, மறுநாள் யார் இடுப்பில் இருந்ததோ. மாப்பிள்ளைக்கு மாமனார் செய்யும் சீர் கல்யாணத்துக்குப் பிறகுதான் வரும். எனக்கு முன்கூட்டியே வந்து இடுப்பில் படர்ந்துகொண்டிருந்தது.

தீமிதிக்கு முதல் நாள், அம்மை குத்துவதற்காக பல ஊர்கள் சேர்ந்த எங்கள் கொம்யூனின் தொக்தேர், அதாவது டாக்டர், எங்கள் ஊருக்கு வந்தார். புதுச்சேரியில் படித்த தமிழர்தான். தொப்பி மட்டும் பிரெஞ்சு. ஒற்றை மாட்டு வண்டியில் மருந்துப் பெட்டி, பின்னால் மெரியிலிருந்து ஒரு சேவகன். மெரி என்பது கொம்யூனின் ஆபீஸ். பிள்ளைகளைக் கோயிலுக்கு முன்னால் கூட்டியிருந்தார்கள். தொக்தேர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு எங்கள் பக்கம் வந்தார். இரண்டாம் தடவை எழுதிய சிங்கங்கள் இடுப்பில் பாதி கரைந்து நின்றன.

"இன்னாய்யா இது, சர்க்கஸா?"

"அக்கி, முசே" என்று பிரெஞ்சு மரியாதையோடு சொன்னார் பூசாரி.

தொக்தேர் ஒரு பஞ்சால் என் சிங்கத்தைத் துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். "அக்கி இல்ல. படர்தாமரை. இது பூஞ்சை. ஊறுகாய்ச் சாடியில வெள்ளையாப் பூக்குது, மழைக்காலத்துல செருப்புல பச்சையாப் பூக்குது பாருங்க, அந்த இனம். இதுக்கு மனுஷன் தோல்தான் நிலம். ஈரமும் வேர்வையும் இருந்தாப் போதும், தானே வெளையும்." பிரெஞ்சில் இதற்கும் குழம்பு வைக்கிற காளானுக்கும் ஒரே பெயர்தான் என்று ஒரு வார்த்தை சொன்னார். அந்த வருஷம் முழுக்க நான் காளான் குழம்பைத் தொடவில்லை.

பிறகு என்னைத் திருப்பி நிறுத்தினார். "நெஞ்சுல இருக்குற தேமலும் பூஞ்சைதான், வேற வகை. அது பக்கத்துல இருக்குறவனை ஒண்ணும் பண்ணாது, அவனவன் அழகைத்தான் கெடுக்கும்."

"கெடுக்க அங்க இன்னா இருந்துது" என்று கூட்டத்தில் ஒரு குரல்.

என் காலைத் தூக்கச் சொல்லி விரலிடுக்கைப் பார்த்தார். "இது சேத்துப்புண், இதுவும் அதே கூட்டம். ஏன்பா, நீ ஒரு காளான் தோட்டமே வச்சிருக்கியே." சிரிப்பு அடங்கும்வரை என் காலைப் பிடித்துக்கொண்டே இருந்தவர் பிறகு குரலைத் தாழ்த்தி, மண்ணில் இருக்கும் ஒரு பூஞ்சை முள் குத்திய வழியாக உள்ளே போனால் பாதம் வீங்கி, துளை துளையாகச் சீழ் வைத்து, எலும்பைத் தின்னும் என்றார். கடைசியில் காலையே எடுக்க வேண்டி வருமாம். வெறுங்காலோடு நின்ற ஊர் அதற்குச் சிரிக்கவில்லை. எல்லோரும் அவரவர் பாதத்தைப் பார்த்துக்கொண்டோம்.

"துணி நல்லா வெயில்ல காயணும். ஒருத்தன் துணிய இன்னொருத்தன் கட்டக் கூடாது. இது உங்கள்ல ஒருத்தன்கிட்டேருந்துதான் மத்தவங்களுக்கு வந்திருக்கும். ஏரியில கல்லப் போட்டா அலை விரியும் பாரு, அப்படித்தான் இந்த வளையம். பழசு பெருசா இருக்கும்" என்று சொல்லிக் கந்தக வாடை அடிக்கும் களிம்பு டப்பா ஒன்றைக் கொடுத்துவிட்டு ஊசி போடப் போய்விட்டார். பூசாரி அந்த டப்பாவை வாங்கி மாடத்தில் உயரமாக வைத்தார். காப்பு அவிழ்த்த பிறகுதான் மருந்து.

தொக்தேர் சொன்னதில் அவருக்கு வேண்டியதை மட்டும் பூசாரி எடுத்துக்கொண்டார். "கேட்டீங்களா, ஒருத்தன்தானாம். அவரே சொல்லிட்டாரு."

எட்டுப் பேரும் வளையத்தை ஒப்பிட்டுப் பார்த்தோம். எனக்கு நேரம் சரியில்லாதபோது எல்லாம் சேர்ந்தே வரும். சீமையகத்தி புண்ணியத்தில் நாள் முழுவதும் ஈரத்தில் ஊறியிருந்த என் இடுப்பில்தான் வளையம் எல்லாவற்றையும் விடப் பெரிதாக இருந்தது. தொக்தேர் பார்க்காத ஒன்பதாவது இடுப்பு, இறுக்கிய துண்டோடு எனக்கு எதிரில் நின்றது.

"இவன் நாளைக்குக் குண்டம் எறங்க வேணாம். காப்ப அவுத்துடலாம். நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க" என்று பூசாரி மாமனைப் பார்த்தார்.

காப்பை அவிழ்த்தால் பெண் இல்லை. உண்மையைச் சொன்னாலும் பெண் இல்லை. இதை நினைத்தபோது முதல் தடவையாக எனக்கு ஒரு நையாண்டியும் வாயில் வரவில்லை. மாமன் என்னைப் பார்க்கவில்லை. அவர் கை துண்டின் முடிச்சின் மேல் இருந்தது.

"படுகளம் முடியட்டும். அப்பறம் சொல்றேன்" என்றார்.

படுகளம் மறுநாள் காலையில். கோயில் திடலில் மண்ணால் செய்த துரியோதனன் தெருவின் அகலத்துக்கு மல்லாந்து கிடப்பான். அதைச் சுற்றிக் கடைசிக் கூத்து நடக்கும். அது முடிந்தால் மாலையில் தீமிதி. பூசாரி என்னைக் குண்டத்திலிருந்து நீக்கலாம். கூத்திலிருந்து நீக்க முடியாது. கட்டியக்காரன் இல்லாமல் துரியோதனன் யாரோடு பேசுவான்? குல்லாயை மாட்டிக்கொண்டு, அதே ஈர வேட்டியோடு ஓடி வந்து நின்றேன். ஊர் முழுக்கத் திடலில் இருந்தது. எதிரே காப்புக் கட்டியவர்கள் வரிசையாக நிற்க, முன்னால் மாமன். பெண்கள் பக்கத்திலிருந்து அந்தச் சிரிப்பு மட்டும் வரவில்லை.

துரியோதனன் வேஷம் கட்டியவர் கரும்பு வண்டிக்காரர். கதைப்படி அவர் போரில் எல்லோரையும் இழந்து, ஏரித் தண்ணீருக்குள் ஒளிந்திருந்துவிட்டு வெளியே வருகிறார். கிரீடத்தோடு சுழன்று வந்து நின்றார். அவர் இடுப்பைப் பார்த்தேன். அங்கே எனக்குப் பேச்சு கிடைத்தது.

"மகாராஜா, எங்கேருந்து வர்றீங்க?"

"ஏரிக்குள்ளிருந்து வருகிறேனடா, கட்டியக்காரா."

"எம்மா நேரம் உள்ள இருந்தீங்க?"

"நெடுநேரமடா."

"பட்டு வேட்டியோடவா?"

"பட்டு வேட்டியோடுதான்."

"காய வச்சீங்களா?"

வண்டிக்காரர் விழித்தார். பாட்டில் இதற்குப் பதில் இல்லை. "இல்லையடா" என்றார்.

"அப்போ இடுப்பு அரிக்குமே மகாராஜா."

அவர் நல்ல மனிதர். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, கதாயுதத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ராஜா எப்படிச் சொறிவாரோ அப்படி மிடுக்காகச் சொறிந்தார். திடல் அதிர்ந்தது.

நான் கூட்டத்தின் பக்கம் திரும்பினேன். "பாத்தீங்களாய்யா. ஒரு பொழுது ஏரியில இருந்த ராஜாவுக்கே வந்துடுச்சு. தெனம் ஏர்ல, சேத்துல, கொப்பரயாண்ட, ஈரத்துணியில கெடக்குற நமக்கு வராதா? இந்தச் சபையில இடுப்பு அரிக்காத ஆம்பள யாராச்சும் இருந்தா எழுந்து நில்லுங்க. அவருதான் நெறி தப்பாதவரு. அவரு சொல்லட்டும், நான் காப்ப அவுத்துடறேன்."

அரிப்புக்கு ஒரு குணம் உண்டு. பேரைச் சொன்னாலே வந்துவிடும். இதை வாசித்துக்கொண்டிருக்கும் உங்களுக்கும் இப்போது எங்கோ லேசாக ஊர்ந்திருக்கும். யாரும் எழுந்து நிற்கவில்லை. முன்வரிசையில் ஒரு கை மெல்ல இறங்கியது. பக்கத்தில் இன்னொன்று. நான் பேசாமல் நின்றேன். பேசாமல் நிற்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். வரிசை வரிசையாகக் கைகள் இறங்கின. காப்புக் கட்டியவர்கள், பறையடித்தவர்கள், கரை வேட்டிக்காரர்கள் எல்லோரும் சொறிந்தார்கள். பெண்கள் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினார்கள். பூசாரி எவ்வளவோ தாக்குப்பிடித்தார். கடைசியில் கையிலிருந்த வேப்பிலைக் கொத்தையே முதுகுப் பக்கம் கொண்டுபோய் ஒரு இழுப்பு இழுத்தார்.

மாமன் மட்டும் கைகட்டி நின்றார். நான் அவரைப் பார்க்கவில்லை. மண் துரியோதனனின் மூக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு ஓரக்கண்ணில் தெரிந்தது. அவர் கையைப் பிரித்தார். துண்டின் முடிச்சைத் தளர்த்தினார். ஊரே சொறிகிற நடுவில், வருஷக்கணக்காகச் சொறியாத மனிதர் கண்ணை மூடிக்கொண்டு, ஆசை தீர, இரண்டு கையாலும் சொறிந்தார். அத்தனை பேர் நடுவில் அது யார் கண்ணிலும் தனியாகப் படவில்லை. கண்ணைத் திறந்தபோது அவர் முகம் இளகியிருந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து சிரிப்பு வந்தது. அதை நான் பிரித்து எடுத்தேன்.

"ஒம்போது பேரும் எறங்குவாங்க" என்றார் மாமன் பூசாரியிடம். வேப்பிலையால் இன்னும் முதுகைச் சொறிந்துகொண்டிருந்த பூசாரி தலையாட்டினார்.

மாலையில் குண்டம் இறங்கினேன். மாமன் கால் பட்ட இடத்தில் என் கால் பட்டது. பக்தியால் சுடவில்லை என்று சொல்லுவார்கள். எனக்குச் சுட்டது. ஆனால் பல மாதமாகக் காயாத விரலிடுக்குக்குள் அந்தச் சூடு ஏறியபோது வரப்பு விளிம்பில் காலை இழுத்த சுகமெல்லாம் ஒன்றுமில்லை என்று தோன்றி, நடுக் குண்டத்தில் நடையைத் தளர்த்திவிட்டேன். பின்னால் வந்தவன் முதுகில் கைவைத்துத் தள்ளினான். குண்டத்தில் நிதானமாக நடந்தான், அவனுக்குள் அம்மனே இருந்தாள் என்று என் அம்மா கடைசிவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் மறுத்ததில்லை.

ஆவணியில் கல்யாணம். தொக்தேர் கொடுத்த களிம்பை ஒன்பது பேரும் பங்கு போட்டுத் தடவியிருந்தோம். மணவறையில் கந்தக வாடை சாம்பிராணியை மீறிக்கொண்டு வந்தது. தாலி கட்டுவதற்கு முன் மாப்பிள்ளைக்கு வேட்டி கொடுக்க மாமன் தாம்பாளத்தோடு வந்தார். என் மனைவி வீட்டில் தன் கொடி, என் கொடி என்று துணிக்குத் தனித்தனிக் கயிறு கட்டி, இன்றுவரை அந்த எல்லையைத் தாண்ட விட்டதில்லை. அதற்கெல்லாம் ஆரம்பம் அன்று மாமன் சொன்ன ஒரு வார்த்தைதான். எல்லோரும் பார்க்க வேட்டியை என் கையில் வைத்தவர், ஆசீர்வாதம் செய்வது போலக் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார்:

"மாப்ள, இதத் தனியாத் தொவச்சு, தனியாக் காயப் போடு."